மணலில் எழுதிய ‘அ’: நம்ம பக்கத்துப் பிள்ளைகள் படிக்கக் கற்ற வரலாறு



கூட்டமைப்பு மலருக்கு நீயும் ஒரு கட்டுரை எழுதணும், வரலாறா இருந்தா நல்லது என்று செயற்குழுவில் சொன்னார்கள். மயிலாப்பூரில் இருந்துகொண்டு வரலாற்றுக்குப் பஞ்சமா? கோயில் இருக்கு, குளம் இருக்கு, கடற்கரை இருக்கு. அதைப் பற்றியெல்லாம் எழுதப் படித்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் குழுவில் கணக்கு நோட்டும் தீர்மான நோட்டும் எழுதுகிறவள். எனக்குத் தெரிந்தது எழுத்து. அந்த எழுத்தை நம்ம பக்கத்துப் பிள்ளைகள் காலம் காலமாக எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதையே எழுதலாம் என்று தோன்றியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பால் பாக்கெட்

என் பெரிய பையனுக்கு அப்போது ஐந்து வயது. பக்கத்துத் தெருவில் ஒரு நர்சரி பள்ளியில் சேர்த்திருந்தேன். பீஸ் கட்டக் குழுவில் உள்கடன் வாங்கினேன். பையன் வீட்டுக்கு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்று அ, ஆ, இ, ஈ என்று ஃ வரைக்கும் சொல்லுவான். க, ங, ச என்று தொடங்கினால் ன வரைக்கும் மூச்சு விடாமல் வந்து நிற்பான். எனக்குப் பெருமை தாங்காது. சொந்தக்காரர்கள் வந்தால் சொல்லச் சொல்லிக் கேட்போம்.

ஒரு நாள் காலை பால் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, “இதுல இன்னா எழுதியிருக்குது, படி” என்றேன். ‘பால்’ என்ற சொல்மேல் விரலை வைத்தேன். அவன் பார்த்தான். பிறகு க, ங, ச, ஞ என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். ப வந்ததும் நின்றான். அந்த ஒரு எழுத்தைப் பிடிக்க அவனுக்கு வரிசை முழுதும் தேவைப்பட்டது. கால் போட்டால் அது பா ஆகும் என்பது தெரியவேயில்லை.

என் மாமியார் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் சொன்னார்: “பாட்டு படிக்கிறான்மா. எழுத்து படிக்கல.”

அந்த வார்த்தை எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. பாட்டு வேறு, படிப்பு வேறு என்றால் படிப்பு எப்படித்தான் வரும்? அதைத் தேடியபோதுதான் இந்தக் கேள்வியை நமக்கு முன்னாலும் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள், அதிலும் நம்ம ஊரிலேயே கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

திண்ணையும் மணலும்

இருநூறு வருஷத்துக்கு முன்னால் இன்று இருக்கிற மாதிரி பள்ளிக் கட்டடம் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். அதனால்தான் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று பெயர். விஜயதசமி அன்று பிள்ளையை மடியில் வைத்து அரிசியிலோ நெல்லிலோ விரலைப் பிடித்து எழுத வைப்பார்கள். இது இன்றும் நம்ம கோயில்களில் நடக்கிறது. அதற்குப் பிறகு திண்ணையில் மணலைப் பரப்பி, வாத்தியார் எழுதிக் காட்டிய எழுத்தின் மேலேயே பிள்ளை விரலால் எழுதும். எழுதும்போதே வாயாலும் உரக்கச் சொல்லும். கை பழகிய பிறகுதான் பனை ஓலையும் எழுத்தாணியும். பிறகு ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி எல்லாம் மனப்பாடம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. வாத்தியார் ஒருவர்தான், பிள்ளைகளோ பல வயதுப் பிள்ளைகள். அதனால் கொஞ்சம் தேறிய பிள்ளை புதிதாக வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். அவர்களில் பெரியவன் சட்டாம்பிள்ளை. 1823-ல் பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல் என்ற ஆங்கிலேயர் தன் அறிக்கையில் இந்த வழக்கத்தைப் பாராட்டி எழுதினார். பெல்லாரி அன்று மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. அதே அறிக்கையில், தாமதமாக வந்த பிள்ளைக்கு வந்த வரிசைப்படி அடி கூடிக்கொண்டே போகும் என்றும் எழுதியிருக்கிறார். நல்லதும் உண்டு, பிரம்பும் உண்டு. அந்தக் காலத்தை ஒரேயடியாகப் புகழவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

இப்போது சொல்லப்போவது நம்மில் பலருக்குத் தெரியாத கதை.

ஆண்ட்ரூ பெல் என்று ஒரு பாதிரியார், ஸ்காட்லாந்துக்காரர், 1787-ல் மெட்ராஸ் வந்தார். 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அனாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். சிப்பாய்களாக வந்த வெள்ளைக்காரர்களின் பிள்ளைகளுக்கான இல்லம் அது. அங்கே இருந்த ஆசிரியர்கள் சரியாகச் சொல்லித் தரவில்லை, பிள்ளைகள் எழுத்தைப் பிடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, இங்கேயும் அப்படியே செய்யுங்கள் என்றார். ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, நீ சின்னவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடு என்றார். அந்தப் பையன் செய்து காட்டினான். அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியர் என்பது அந்த இல்லத்தின் முறையாகவே ஆனது.

பெல் ஊருக்குத் திரும்பியதும் 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அது பரவியது. அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று பெயர். இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நம்ம ஊர்ப் பெயரை இங்கே நாம் மாற்றிவிட்டோம், அங்கே மாற்றவில்லை!

அங்கே போன பிறகு அந்த முறைக்கு ஒரு குறையும் வந்து சேர்ந்தது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கும் சிக்கன வழியாக அதைச் செய்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரும் நெருக்கம் போய், கவாத்து மாதிரி ஆனது. பிறகு அதைக் கைவிட்டார்கள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

யாருக்கு இடம் இருந்தது?

திண்ணையில் மணல் இருந்தது சரி. அந்தத் திண்ணையில் நம்மைப் போன்றவர்கள் உட்கார முடிந்ததா?

1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் சேணம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் சிலை இருக்கிறதே, அவர்தான். அந்தக் கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். படித்தவர்கள் 1,88,650 பேர். அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? 4,540. அதாவது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருத்தி. வீட்டோடு படித்த பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவில்லைதான். ஆனாலும் கணக்கு எழுதுகிற எனக்கு அந்த 4,540-ஐப் பார்த்தபோது மனசு கனத்தது. என் மாமியாரும், அவருடைய மாமியாரும் அந்த மிச்சத்தில் இருந்தவர்கள்தானே?

சாதியும் தடுத்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பல பள்ளிகள் வாசலிலேயே நிறுத்தின. அடையாறு பக்கத்து உறுப்பினர்கள் ஊரூர் ஆல்காட் குப்பத்தின் பெயரைத் தினமும் சொல்கிறோம். ஆல்காட் யார் என்று நான் கேட்டபோது எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ராணுவத்தில் கர்னலாக இருந்து, பிறகு பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அடையாற்றில் சபை இடம் வாங்கிய பிறகு இங்கேயே தங்கிவிட்டார். 1894-ல் அந்தப் பிள்ளைகளுக்காகவே ஓர் இலவசப் பள்ளியை அடையாற்றில் தொடங்கினார். அந்தப் பள்ளிதான் இன்று பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளியாக இருக்கிறது. நம் உறுப்பினர்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கே படித்திருக்கிறார்கள்.

பெண்களுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் மயிலாப்பூரிலேயே பிறந்தவர். சகோதரி சுப்புலட்சுமி, பிறந்த வருடம் 1886. பதினோரு வயதில் கல்யாணம், உடனேயே கைம்பெண். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மொட்டைத் தலையும் வீட்டு மூலையும்தான். அவர் அப்பா அவரைப் படிக்க வைத்தார். 1911-ல் பட்டம் வாங்கினார். மாகாணத்திலேயே பட்டம் வாங்கிய முதல் இந்துக் கைம்பெண் அவர். தன்னைப் போன்ற சிறு விதவைகளைச் சேர்த்து, தங்க இடம் கொடுத்து, படிக்க வைத்து, ஆசிரியைகளாக்கினார். கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்லும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில்தான் அந்தப் பெண்கள் பல வருஷம் இருந்தார்கள். 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதை நடத்தியவரும் அவரே. தி.நகர் உஸ்மான் சாலையில் இருக்கும் சாரதா வித்யாலயாவும் அவர் 1927-ல் தொடங்கி வைத்ததுதான்.

எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய வீடுகள் கூட, சொல்லித் தருகிறவர் ஒரு பெண் என்றால் அனுப்பின. எந்த முறையில் சொல்லித் தருவது என்பது அடுத்த கேள்வி. பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார் என்பது முதல் கேள்வி.

அடையாற்றுக் கீற்றுக் கொட்டகை

1939 நவம்பரில் இத்தாலி நாட்டைச் சேர்ந்த ஓர் அம்மா அடையாறு வந்து இறங்கினார். வயது 69. பெயர் மரியா மான்டிசோரி. ருக்மிணி தேவியும் அவர் கணவர் ஜார்ஜ் அருண்டேலும் கூப்பிட்டு வந்தார். அடையாற்றில் ஆல்காட் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சில மாதங்களில் திரும்பிப் போவதாகத்தான் ஏற்பாடு. 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதால் ஆங்கில அரசு அவரை எதிரி நாட்டுக்காரர் என்று வெளியே நடமாட விடாமல் வைத்தது. கூட வந்த மகன் மரியோவைப் பிடித்துக்கொண்டு போய்க் காவலில் வைத்தது. அந்த அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குத்தான் மகனை விட்டார்கள். பிறகு அடையாறு, கோடைக்கானல் என்று 1946 வரை இந்தியாவிலேயே இருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

இன்று ‘மான்டிசோரி’ என்று போர்டு பார்த்தால் நாம் அந்தப் பக்கமே போவதில்லை. பீஸ் அப்படி! ஆனால் அந்த அம்மா தன் முதல் பள்ளியை 1907-ல் ரோம் நகரத்தில் சான் லொரன்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தொடங்கினார். அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போய்விட, படிக்கட்டில் விளையாடிச் சுவரைக் கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காகத்தான் அந்தப் பள்ளி. எழுத்துச் சொல்லித் தரும் எண்ணமே முதலில் அவருக்கு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் வந்து, எங்கள் பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்ட பிறகுதான் தொடங்கினார். படிக்காத தாய்மார்கள் கேட்டுப் பிறந்த முறை அது. நமக்குச் சொந்தமில்லாதது ஒன்றும் இல்லை.

அவர் செய்தது என்ன? ஆசாரிகள் மரம் இழைத்த பிறகு தேய்க்கும் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி, அட்டையில் ஒட்டினார். பிள்ளை இரண்டு விரலால் எழுத்தைத் தடவிப் பார்க்கும். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். ஆசிரியர் மூன்று படியாகக் கேட்பார். முதலில் “இது ம, இது ப” என்று காட்டுவார். அடுத்து “ம எங்கே, காட்டு” என்பார். கடைசியில்தான் “இது என்ன?” என்று கேட்பார். பெரும்பாலும் நாம் என்ன செய்கிறோம்? எடுத்த எடுப்பிலேயே “இது இன்னா? சொல்லு!” என்று மூன்றாவது கேள்வியில் நிற்கிறோம். பிள்ளை முழிக்கும். மண்டையில் குட்டுவோம்.

அட்டையில் ஒட்டிய உப்புத்தாள் என்பது வேறென்ன? மணல்தான்! நம் திண்ணை மணல் எழும்பூர் வழியாக இங்கிலாந்து போனது. நூற்றைம்பது வருஷம் கழித்து வேறொரு நாட்டிலிருந்து அட்டையில் ஒட்டிய மணல் அடையாறு வந்தது. இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யவில்லை. கை பழகினால் கண் பழகும் என்று இரண்டு இடத்திலும் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான்.

அதே காலத்தில் நம்ம பக்கத்தில் வேறு முயற்சிகளும் நடந்தன. மயிலாப்பூரில் 1937-ல் வி.என். சர்மாவும் ஜெர்மனியிலிருந்து வந்த அவர் மனைவி எல்லன் சர்மாவும் தொடங்கிய பள்ளிக்கு ‘சில்ட்ரன்ஸ் கார்டன்’ என்று பெயர். கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லுக்கும் அதே அர்த்தம்தான், குழந்தைகள் தோட்டம். பிறகு 1949-ல் காமராஜர் ஆதரவோடு மஞ்சுபாஷிணி அம்மா தி.நகரில் பால மந்திரைத் தொடங்கினார். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கான இல்லம். மான்டிசோரி முறை அந்தப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

எழுத்தே மாறிய வருஷம்

சொல்லித் தரும் முறை மட்டும் மாறவில்லை, எழுத்தும் மாறியது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நான் சின்ன வகுப்பில் படிக்கும்போது லை, னை, ளை, ணை எழுத்துகளுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்பு வரும். ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் அடியில் சுழித்துக்கொண்டு நிற்கும். பெரியார் 1935-லிருந்தே தன் பத்திரிகையில் இதை எளிமையாக்கி அச்சடித்தார். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை வந்தது. மொத்தம் 13 எழுத்துகள். தும்பிக்கை போய், மற்ற எழுத்துகளுக்கு உள்ளது போலவே கொம்பும் காலும் வந்தது.

கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. கால் போட்டால் நீளும் என்று ஒரு தடவை புரிந்துவிட்டால், க கா, ப பா, ன னா எல்லாம் ஒரே மாதிரி. 247 எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர், அவை சேரும் விதம், இது தெரிந்தால் போதும். என் பையனுக்கு வரிசை தெரிந்தது, சேரும் விதம் தெரியவில்லை. அதுதான் பால் பாக்கெட்டில் நின்றான்.

பாயில் உட்கார்ந்த டீச்சர்

பையன் விஷயத்தில் கை சுட்ட பிறகு, பெண்ணை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தேன். அங்கேயும் முதலில் எனக்குச் சண்டைதான். பிள்ளை புத்தகம் கொண்டு வரவில்லை, வீட்டுப்பாடம் இல்லை. போய்ப் பார்த்தால் டீச்சர் நாற்காலியில் இல்லை. பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். சுவரைச் சுற்றித் தாழ்வாகக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓர் இடம். தட்டுத்தட்டாக அட்டைகள். பிள்ளைகள் தாங்களே போய் அட்டை எடுத்து வருகிறார்கள். “இன்னா டீச்சர், புள்ளைங்க வெளாடிக்கினு இருக்குதுங்க?” என்று கேட்டேவிட்டேன். டீச்சர் சிரித்தார். “மூணு மாசம் பொறுங்கம்மா” என்றார்.

அதுதான் செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் செய்த முறையை நம் மாநகராட்சி ஆசிரியர்கள் போய்ப் பார்த்து வந்து, மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியால் 2003-ல் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே சென்னை மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் வந்தது. 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கப் போனது. பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து ஏணி மாதிரி சுவரில் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியைத் தானே பார்த்து ஏறும். காய்ச்சல் வந்து பத்து நாள் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடங்கும். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தரும்.

திண்ணைப் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறதா? ஒரே இடத்தில் பல வகுப்பு, பிள்ளைக்குப் பிள்ளை ஆசிரியர். பிரம்பு மட்டும் இல்லை.

மூன்று மாதம் கழித்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். வந்த வண்டியின் பலகையைப் பார்த்து என் பெண் அ, டை, யா, று என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, “அடையாறு! அம்மா, அடையாறு வண்டி!” என்று கத்தினாள். நாங்கள் போக வேண்டிய வண்டி அது இல்லை. ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை இல்லாத முறை எதுவும் இல்லை. அட்டை கிழிந்தால் மாற்றித் தர ஆள் வேண்டும். பிள்ளைகள் அதிகமானால் பாயில் உட்கார்ந்த டீச்சருக்கு எல்லாரையும் பார்க்க நேரம் போதாது. இங்கிலாந்தில் பெல் முறைக்கு நடந்தது எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். பக்கத்தில் உட்காரும் ஆள் போய்விட்டால், எந்த முறையும் வெறும் அட்டைதான்.

கைநாட்டு வைத்த அக்கா

பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு பெரியவரையும் சொல்லாமல் முடிக்க முடியாது.

எங்கள் குழுவில் ஓர் அக்கா. குழுவுக்கு வரும் முன்னால் ஒரு தனியாரிடம் கடன் வாங்கினார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தார். சொன்ன வட்டி ஒன்று, தாளில் இருந்த வட்டி வேறு. இரண்டு வருஷம் மீன் கூடை தூக்கிக் கட்டினார். குழுவில் சேர்ந்த முதல் நாளே அவர் சொன்னது, “எனக்குப் பணம் அப்பறம் குடுங்க. முதல்ல அந்தத் தாளப் படிக்கச் சொல்லிக் குடுங்க.”

1991-ல் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் படிக்கக் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அந்த இயக்கத்தின் பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்று தொடங்கியது. வாழ்க்கையில் வேண்டிய சொல்லை முதலில் படி, எழுத்து தானாக வரும் என்பது அதன் யோசனை. பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே என்ற ஆசிரியர் ஏழை விவசாயிகளுக்குச் சொல்லித் தந்த வழி அது.

எங்கள் அக்காவும் அப்படித்தான் தொடங்கினார். முதலில் தன் பெயர். அடுத்து ‘வட்டி’. அதற்கடுத்து ‘அசல்’. சொல்லிக் கொடுத்தது இரண்டாம் வகுப்பு படித்த அவருடைய பேத்தி. பேத்தி டீச்சர் மாதிரி பாயில் உட்கார்ந்துகொண்டு, தரையில் சாக்பீஸால் எழுதி, “ஆயா, இதுமேல வெரல வெச்சு எழுது” என்பாள். எட்டு வயதுப் பிள்ளை ஆசிரியர், தரைதான் பலகை. எழும்பூரில் தொடங்கியது குப்பத்தில் திரும்ப நடந்தது. இன்று அந்த அக்கா தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் முன்னால், விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். கூட்டம் அரை மணி நேரம் தாமதமாகும். ஒருவரும் அவசரப்படுத்துவதில்லை.

நாம் செய்யக்கூடியது

இப்போது எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-லிருந்து நடக்கிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அவரவர் தேறிய அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அதற்கு முந்தைய வருஷம் கொரோனாவால் பின்தங்கிய பிள்ளைகளுக்காக இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, தன்னார்வலர்களாக வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. காலை உணவுத் திட்டத்தில் பல ஊர்களில் அடுப்பு மூட்டுகிறவர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் மதிய உணவு போட வைத்தது முதல் இன்று வரை, வயிறு நிறைந்த பிள்ளைக்குத்தான் எழுத்து ஏறும் என்பதை நம்ம ஊர் மறக்கவில்லை.

இருநூறு ஆண்டுக் கதையைப் பார்த்த பிறகு என் மனசில் நின்றவை சில. நம்மில் படித்தவரும் படிக்காதவரும் செய்யக்கூடியவை இவை.

பிள்ளை வரிசையாகச் சொன்னால் கை தட்டுங்கள். அதோடு நிற்காமல் நடுவில் ஓர் எழுத்தைக் காட்டி இது எது என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் திட்டாமல், இது ம, இது ப என்று முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

நோட்டு வேண்டாம். கோலமாவு இருக்கு, அரிசி மாவு இருக்கு, கடற்கரை மணல் நம் வாசலிலேயே இருக்கு. விரலால் எழுதட்டும், எழுதும்போது வாயால் சொல்லட்டும்.

பால் பாக்கெட், பேருந்துப் பலகை, ரேஷன் கடை போர்டு, இவை எல்லாம் பாடப் புத்தகம்தான். பிள்ளைக்குத் தெரிந்த சொல்லில் தொடங்குங்கள்.

உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பிள்ளையை உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். சொல்லித் தருகிற பிள்ளைக்குப் பாடம் இரண்டு மடங்கு பதியும். உங்களுக்கும் ஒரு நாள் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட வரும்.

அடுத்த மாதம் முதல் நம் பகுதிக் கூட்டமைப்பின் ஒவ்வொரு குழுவும், கூட்டம் முடிந்த பிறகு கால் மணி நேரம் குழுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டு வர விரும்புகிறேன். முன்மொழிகிறேன். வழிமொழியப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அந்த அக்காவிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.